ஏசி மெக்கானிக் கட்டிய வீடு

மச்சானை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஊதுபத்தி வாசம்தான். மச்சான் என்றால் என் ராத்தாவின் வீட்டுக்காரர்; கூடப்பிறந்த அக்காவை எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் ராத்தா என்போம். பாதி கட்டிய வீட்டுக்குள், கைலிச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஒற்றை ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடித்தபடி அறை அறையாக மெல்ல நடந்துகொண்டிருப்பார். கண் முழுக்கப் புகையின் மேல் இருக்கும். பார்க்கிறவர்கள் புது வீட்டுக்கு ஏதோ ஓதுகிறார் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்கள். அவர் ஓதவெல்லாம் இல்லை. புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். சாய்ந்தால் பெருநாள் பிறை கண்டவர் போல முகம் மலரும். நேராக மேலே போனால் அவ்வளவுதான், அன்றைக்கு யாரிடமும் பேச மாட்டார். அந்த மனிதர் மவுத்தாகிக் கண்ணை மூடி இப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்துக் காலம் தள்ளியவள், ஆனால் ஒரு வீட்டுக்குள் காற்று எப்படிப் போய் வருகிறது என்று ஒரு நாளும் நின்று பார்த்தவளில்லை. வேர்த்தால் விசிறுவேன், கரண்ட் இருந்தால் காற்றாடியைப் போடுவேன். வீட்டைப் பற்றி என் ஞானம் அத்தோடு சரி.

எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லாமல் மச்சானின் கதையைச் சொல்ல முடியாது. ராமநாதபுரத்திலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் ரோட்டின் கடைசியில் இருக்கிற ஊர். அங்கே பெண் புகுந்த வீட்டுக்குப் போக மாட்டாள், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அதனால் பெண் பிறந்த அன்றைக்கே தகப்பன் தலையில் ஒரு வீடும் ஏறி உட்கார்ந்துவிடும். பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் வீட்டைத்தான் பார்ப்பார்கள் என்று நாங்களே எங்களைக் கேலி செய்துகொள்வோம். சமையல்கட்டு எத்தனை பெரிசு, மணமக்கள் அறைக்குத் தனிக் குளியலறை உண்டா, மாடி போடத் தோதான அஸ்திவாரமா என்று தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். வளைகுடாவுக்குப் போய் வெயிலில் வெந்த எங்கள் ஊர் ஆண்கள் பாதிப்பேர் மகளுக்கு வீடு கட்டத்தான் வெந்தார்கள். மச்சானுக்கு இருந்தது ஒரே மகள். அவள் பேரில் ஒரு வீடு, அந்த வீட்டில் அவள் நல்லபடி வாழ வேண்டும், அவருக்கு வேறு ஆசை கிடையாது.

எழுபதுகளின் கடைசியில் பயணம் போனவர். கல்லுத் தூக்கப் போகிறேன் என்று போனவரை அங்கே யாரோ ஏசி ரிப்பேர்க் கடையில் எடுபிடியாக வைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் பெரிய மெக்கானிக் ஆகிவிட்டார். லீவில் வரும்போது ஊரே அவரைச் சுற்றி உட்கார்ந்து அந்தக் குளிர்ச்சி பற்றிக் கேட்கும். அவர் அனுப்பிய காசில் ராத்தா எல்லோரையும் போலப் பழைய ஓட்டுக் கூரையைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் மெத்தை, அதாவது தளம், போட்டாள். அப்போது அதுதான் கௌரவம். ஒரு லீவு சித்திரை மாதத்தில் விழுந்தது. மத்தியான லுஹர் தொழுதுவிட்டு, மீன் ஆணமும் சோறும் தின்றுவிட்டு அந்தப் புது மெத்தைக்குக் கீழே படுத்தார். கண்ணசந்த கொஞ்ச நேரத்தில் சட்டையெல்லாம் நனைந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். மேலே கையை நீட்டிக் காட்டி, "எப்புடிடீ இதுக்குள்ள இருக்கே?" என்றார். ராத்தா, "எல்லாரும் இருக்கிற மாதிரித்தான்" என்றாள். அவர் முகத்தைத் துடைக்காமலே சொன்னார்: "அங்கன எவனெவன் பொண்டாட்டி புள்ளைகளுக்கோ குளிர் மாட்டிக் குடுத்துட்டு, என் பொண்டாட்டிய அடுப்புக்குள்ள வச்சிருக்கேன். நானும் ஒரு மனுசன்!" கோபத்தில் சொல்லவில்லை. அழுதேவிட்டார்.

அப்படியானால் வீட்டுக்கு ஒரு ஏசி மாட்டுவதுதானே என்று யாரும் கேட்பார்கள். நானும் கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலை நான் பிறகு வருடா வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். "டீச்சரம்மா, ஏசி குளிர உண்டாக்குதுன்னா நெனைக்கிறீக? அது ஒண்ணத்தையும் உண்டாக்கல. உள்ள இருக்க சூட்ட அள்ளி வெளிய கொட்டுது. தான் ஓடுற சூட்டையும் சேத்துக் கொட்டுது. எவன் மேல கொட்டுதுங்கறதுதான் கேள்வி." அவர் வேலை பார்த்த ஊரில் பெரிய கட்டடங்களின் முன்பக்கம் கண்ணாடியாகப் பளபளக்குமாம். பின்பக்கச் சந்தில் வரிசையாக ஏசிகளின் முதுகு நீட்டிக்கொண்டிருக்குமாம். அந்தச் சந்தில்தான் கூலியாட்கள் தங்கும் கொட்டடிகள். வெயிலில் வேலை செய்துவிட்டு வந்தவன், உள்ளே தூங்குகிறவனின் சூட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டு படுத்திருப்பான். மச்சான் முதல் சில வருடங்கள் அந்தச் சந்தில் படுத்தவர். பிறகு ஏணி போட்டு ஏறி அந்த இயந்திரங்களை ரிப்பேர் பார்த்தவரும் அவரே.

எங்கள் ஊரில் வீடுகளுக்குப் பின்னால் முடுக்கு உண்டு. பெண்கள் மட்டும் போய்வருகிற குறுகலான சந்து. பெரிய தெருவில் கால் வைக்காமலே கல்யாண வீட்டுக்கும் மவுத்தான வீட்டுக்கும் தையல் கிளாசுக்கும் அதன் வழியாகவே போய் வந்துவிடலாம். மத்தியானத்தில் சுவரின் நிழல் விழுந்ததும் பெண்கள் அங்கேயே பாயைப் போட்டு உட்கார்ந்து அரிசி புடைப்பார்கள், ஊர் வம்பையும் சேர்த்துப் புடைப்பார்கள். நான் கற்றுக்கொண்ட கெட்ட வார்த்தைகள் எல்லாம் முடுக்கில் கற்றவைதான். வீட்டுக்கு ஏசி மாட்டினால் அதன் முதுகு நீட்ட அந்த முடுக்கை விட்டால் வேறு இடம் இல்லை. "எம் மக குளிருல படுக்க, ஊர்ப் பொம்பளைக மேல சூட்ட ஊதவா?" என்றார் மச்சான். ராத்தா அதற்கு, "ஊர்ப் பொம்பளைகளுக்கு வக்காலத்து வாங்க இவரு ஒருத்தருதான் பாக்கி" என்றாள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வயது. ஏசி மெக்கானிக் மகள் வீட்டுக்கு அறைக்கு அறை ஏசி இருக்கும் என்று ஊர் காத்திருந்தது. அவரோ ஏசியே வேண்டாத வீடு கட்டப் போகிறேன் என்று நின்றார். அந்தத் தேசத்தின் பழைய பேட்டையில் மின்சாரம் வருவதற்கு முன்னால் கட்டிய வீடுகளைப் பார்த்திருக்கிறாராம். முழங்கை நீளத்துக்கும் மேல் தடித்த சுவர், சின்னச் சின்னச் சன்னல், மேலே போகிற காற்றைப் பிடித்துக் கீழே இறக்க உயரமாக ஒரு காற்றுக் கூண்டு. அதைப் போலவே கட்டச் சொன்னார். சிக்கல் என்ற ஊரிலிருந்து வந்த கொத்தனார் சுவரின் கனத்தைக் கேட்டு மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார். "பாய், வீடு கட்டுறமா, கோட்டை கட்டுறமா? சண்டைக்கு எவனும் வாரானா?" என்றார். பரமக்குடியிலிருந்து செங்கல் லோடு வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. கூண்டு எழும்பியதும் ஊர்ப் பிள்ளைகள் அதற்குப் புறாக்கூண்டு என்று பேர் வைத்தார்கள். ராத்தா முடுக்குப் பக்கம் தலைகாட்டுவதையே நிறுத்திவிட்டாள்.

சுவர் எழுந்து கூரையும் மூடிய பிறகு சித்திரையில் ஒரு நாள் எல்லோரையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கதவைச் சாத்தி, சன்னலைச் சாத்தி, "இப்ப பாருங்க" என்றார். நாங்கள் பார்த்தோம். வெளியே அடித்த வெயில் உள்ளே வரவில்லை, அது உண்மை. ஆனால் கொஞ்ச நேரத்தில் எனக்கு மூச்சு முட்டியது. மகள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ராத்தாவின் முதுகில் ரவிக்கை ஒட்டிக்கொண்டது. மச்சான் ஊதுபத்தியைக் கொளுத்தினார். புகை ஒரு நூல் பிசகாமல் நேராக மேலே போனது. அறைக்கு அறை ஓடி ஓடிப் பார்த்தார், எல்லா இடத்திலும் அதே கதைதான். பாலைவனத்தில் காய்ந்த காற்று, வேர்த்த மறு நிமிடம் உலர்த்திவிடும், இரவானால் சுவரும் குளிர்ந்துவிடும். எங்கள் கடற்கரையில் காற்றே பாதி தண்ணீர். வேர்வை உலராது, ராத்திரியிலும் சுவர் ஆறாது. அங்கே சூட்டைத் தடுத்தால் போதும், இங்கே காற்றை ஓடவிட்டால்தான் உடம்பு பிழைக்கும். மனுசன் பாலைவனத்து வீட்டைக் கொண்டுவந்து கடலோரத்தில் கட்டிவிட்டார். வளைகுடாவுக்குப் போய்வந்த ஊர்க்காரன் தவிர வேறு யாரும் செய்ய முடியாத தப்பு அது.

ராத்தா வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கு மச்சானால் தாங்கியிருக்க முடியாது. நல்லவேளை, அவள் ஒன்றும் சொல்லாமல் மகளைக் கூட்டிக்கொண்டு பழைய வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் அவர் ஒருத்தரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி, பாம்பன் தீவில் நான் வேலை பார்த்த அக்காள்மடத்துக்கு வந்து நின்றார். பொண்டாட்டி கண்ணில் படாமல் இருக்க ஒரு இடம் வேண்டும் அல்லவா? நான் மோர் கொடுத்தேன். குடிக்கவில்லை. முகத்தில் ஒரே பரபரப்பு. "டீச்சரம்மா, பாம்பன் பாலத்துல பஸ் ஏறுச்சா, சட்டை தொப்பலா நனைஞ்சு கெடந்தது. பாலம் முடியறதுக்குள்ள காஞ்சு போச்சு! வெயிலு ஒண்ணும் கொறையல. காத்துதான். முட்டாப் பய, கடல வாசல்ல வச்சுக்கிட்டுச் சன்னல அடச்சு வச்சிருக்கேன்!" என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டார். சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விட்டார். மோர் அப்படியே இருந்தது.

கட்டி முடித்த வீட்டை இடிக்க ஆரம்பித்தார். அதைப் பார்க்க ஊரே கூடியது. கடல் பக்கம் முடுக்கைப் பார்த்த சுவரில் பெரிய திறப்பு வேண்டும், காற்று அங்கே நுழைய வேண்டும், நடுக்கூடத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் வெளியேற வேண்டும். ஆனால் வீட்டுக்குள் இருக்கிற பெண்கள் வெளியே தெரியக் கூடாதே. கொத்தனார்தான் இழுத்துக்கொண்டே, "ஜாலிச் சுவர் வைப்பமா?" என்றார். ஒரு செங்கல் விட்டு ஒரு செங்கல் வைத்துக் கட்டுகிற ஓட்டைச் சுவர். உள்ளே நிற்கிறவளுக்கு முடுக்கு தெரியும், முடுக்கில் போகிறவளுக்கு உள்ளே இருட்டாகத்தான் தெரியும். மச்சான் பெண்களிடம் சொல்லிவிட்டுத் தாமே முடுக்கில் நின்று, ராத்தாவை உள்ளே நடக்கவிட்டுச் சோதித்தார். "தெரியுறனா?" என்று அவள் உள்ளேயிருந்து கேட்க, "சத்தம்தான் தெரியுது" என்று அவர் சொல்ல, பக்கத்து வீட்டுப் பெண்களெல்லாம் சிரித்தார்கள். பல மாதங்களுக்குப் பிறகு ராத்தாவும் சிரித்தது அன்றைக்குத்தான். கூரை மேல் மண் கலயங்களைக் கவிழ்த்து அடுக்கி, மேலே சுண்ணாம்புக் காரை போட்டு வெள்ளை அடித்தார். கலயத்துக்குள் அடைபட்ட காற்று வெயிலைக் கீழே விடாது, வெள்ளை பாதி வெயிலை வந்த வழியே அனுப்பிவிடும். புறாக்கூண்டு மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. காற்று வருகிற பக்கத்தை அடைத்து, எதிர்ப்பக்கத்தைத் திறந்துவிட்டார். கூடத்தில் சேர்கிற சூடு அதன் வழியாக மேலே ஏறி வெளியே போயிற்று. காற்றை உள்ளே கொண்டுவர வைத்த கூண்டு, புழுக்கத்தை வெளியே அனுப்புகிற வேலைக்கு வந்து சேர்ந்தது.

வீடு எப்படி இருந்தது என்று கேட்டால், வெளியே இருந்து உள்ளே வந்ததும் யாரும் கேட்காமலே உட்கார்ந்துவிடுவார்கள். அப்படி இருந்தது. மத்தியானத்தில் கூடத்தில் பாயைப் போட்டுப் படுத்தால், கடல்காற்று ஜாலிச் சுவர் வழியாக வந்து காலைத் தொட்டுத் தலை வழியாகப் போவது தெரியும். காற்றாடி சும்மா தொங்கியது. ஊதுபத்திப் புகை படுத்துக்கொண்டே போனது. மச்சான் அதைப் பார்த்தபடி ஒரு நாள் முழுக்க அந்த வீட்டிலேயே கிடந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பொறாமையாகக்கூட இருந்தது. ஒரு மனிதன் தான் செய்த தப்பை இடித்துவிட்டுச் சரியாகக் கட்டவும் கொடுப்பினை வேண்டும்.

ஆடி கழிந்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் முடுக்கு வழியாக வந்தார்கள். நல்ல இடம். மாப்பிள்ளையும் வளைகுடாவில் ஆபீஸ் வேலையில் இருந்தார். அவரைப் பெற்ற உம்மா வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தார், சமையல்கட்டைப் பார்த்து மாஷா அல்லாஹ் என்றார். கூடத்தில் உட்கார்ந்து, "காத்து நல்லாத்தான் வருது" என்றும் சொன்னார். பிறகு மணமக்கள் அறைக்குள் போய் நான்கு சுவரையும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏசிய எங்கன மாட்டப் போறீக?" ராத்தா என்னைப் பார்த்தாள். கதவுக்கு வெளியே நின்ற மச்சான், "இந்த வீட்டுக்கு அது தேவைப்படாது, உம்மா" என்றார். அந்த அம்மா கோபப்படவில்லை. சின்னதாகச் சிரித்துவிட்டு, "என் மகன் அங்கன ஏசியில இருந்து பழகுன பிள்ளை. லீவுல வந்து ஒரு மாசம் இருக்கப் போறான். ஏசி மெக்கானிக் வீட்டுல ஏசி இல்லேன்னா, ஊருல என்ன நெனைப்பாக? உங்களுக்குத் தெரியாததா?" என்றார். பலகாரத்தைத் தொட்டுவிட்டு எழுந்துவிட்டார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்கு ராத்தா போட்ட சண்டையைச் சொல்லி மாளாது. "அங்கன ஊரு பூராவும் வீட்டுக்கு வீடு ஓடி ஓடி மாட்டுனீகளே, உங்க மகளுக்கு ஒண்ணு மாட்ட மட்டும் கை வரலையா? உங்க கொள்கைக்கு எம் மக கல்யாணம் ஆகாம குமராக் கெடக்கணுமா?"  இரண்டு நாள் கழித்து மச்சான் என்னைக் கூப்பிட்டு, "மக என்ன நெனைக்கிறா? நான் கேட்டாச் சொல்ல மாட்டா. நீங்க கேளுங்க" என்றார். நான் கேட்டேன். மகள் ஜாலிச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு முடுக்கைப் பார்த்தபடியே நின்றாள். "வாப்பா கட்டுன வீடு எனக்குப் பிடிக்கும் சாச்சி" என்றாள்; சித்தியை எங்கள் வீடுகளில் சாச்சி என்போம். கொஞ்ச நேரம் கழித்து, "அவுகளையும் பிடிச்சிருக்கு" என்றாள். போட்டோவை மட்டும்தான் பார்த்திருந்தாள், ஆனாலும் பிடித்துவிட்டது, அந்த வயதில் அப்படித்தான். நான் போய் மச்சானிடம் இரண்டையும் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் ராமநாதபுரம் போய் ஒரு ஏசியை வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

அவர் மாட்டிய அழகைச் சொல்ல வேண்டும். தம் கையால் கட்டவைத்த சுவரைத் தாமே உளி வைத்து வெட்டினார். ஒரு செங்கல்கூடத் தேவையில்லாமல் உடையவில்லை. மணமக்கள் அறையில்தான் கடல்காற்று முதலில் நுழைகிறது, குளிர் தங்க வேண்டுமென்றால் அந்த ஜாலிச் சுவரை அடைத்தாக வேண்டும். பலகையை அளவாக அறுத்து, ஓட்டைகளின் மேல் வைத்துத் திருகினார். வீட்டின் வாயை அவரே பொத்தினார் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் ஏசியை முடுக்குப் பக்கம் வைக்கவில்லை. பக்கவாட்டில், கொல்லையைப் பார்த்த சுவரில் வைத்தார். அந்தக் கொல்லையில்தான் கூரை போட்ட ஒரு சின்னத் தாழ்வாரம். அங்கேதான் மச்சானின் கட்டில். கல்யாணத்துக்குப் பிறகு வீடு மகளுக்கும் மருமகனுக்கும் என்பதால், தமக்கென்று அவர் ஒதுக்கிக்கொண்ட இடம் அதுதான். மத்தியானத் தூக்கம் அவருக்கு அங்கேதான். நான் கட்டிலையும் பார்த்தேன், சுவரையும் பார்த்தேன். "ஏன் மச்சான், உங்க தலைமாட்டுலயா?" என்றேன். திருகாணியைக் கடைசிச் சுற்றுச் சுற்றிக்கொண்டே, "முடுக்குல வச்சாப் பொம்பளைக மேல ஊதும். கொட்டத்தானே போகுது, நம்ம மேலயே கொட்டட்டும். நமக்கென்ன, பழகுன சூடுதானே" என்றார். பிறகு ஏணியிலிருந்து இறங்கி, குரலைத் தாழ்த்தி, "மகளுட்டச் சொல்லிறாதீக. அப்புறம் அவ அதப் போட மாட்டா. மாப்பிள்ளைக்கு மனசு சங்கடமாயிரும்" என்றார்.

நிக்காஹ் நல்லபடி முடிந்தது. மருமகன் தங்கமான மனுசன், அவரைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. சில வருடத்தில் அவரும் வேலையை விட்டு வந்து ஊரிலேயே கடை வைத்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார், ஏசி உறுமும். அந்த ஒரு அறை குளிர்ந்ததற்கு வீட்டின் மற்ற இடமெல்லாம் விலை கொடுத்தது. வாய் அடைபட்டதால் கூடத்துக்குக் காற்று வருவது பாதியாகிவிட்டது. ராத்தா சமையல்கட்டில் காற்றாடி மாட்டிக்கொண்டாள். கொல்லையில் மச்சான் பனியனோடு கட்டிலில் கிடப்பார். அனல் நேராக அவர் மேல் அடிக்கும். கட்டிலைத் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்களேன் என்றால், "எங்கன தள்ள? இந்தப் பக்கம் கிணறு, அந்தப் பக்கம் கக்கூசு" என்பார். ஊரில் மற்றவர்கள் யாரும் இவ்வளவு யோசிக்கவில்லை. ஒவ்வொரு வீடாக ஏசி வந்தது, எல்லாவற்றின் முதுகும் முடுக்கில் நீட்டிக்கொண்டது. இப்போது அந்த முடுக்கில் மத்தியானம் நடக்க முடியாது, பாய் போடுவது பற்றிப் பேச்சே இல்லை. கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத இந்தக் காலத்தில், அது போகிற நேரத்தில்தான் முடுக்கு கொஞ்சம் ஆறுகிறது. சூடு தாங்காத வீடுகளைக் கட்டிக்கொண்டே போகிறோம், அந்தச் சூட்டை வெளியே தள்ள இயந்திரம் வாங்கிக்கொண்டே போகிறோம். நாளைக்குப் பிள்ளைகள் எப்படிப்பட்ட வீட்டில் இருப்பார்கள் என்று யாராவது பேசினால் எனக்கு மச்சானின் அந்தக் கேள்விதான் ஞாபகம் வரும்: எவன் மேல கொட்டுது?

அவர் மவுத்தாவதற்கு முந்திய சித்திரை அது. பள்ளிக்கூடம் லீவு, நான் ராத்தா வீட்டில் இருந்தேன். மகளின் கடைசிப் பெண் பிள்ளைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. டாக்டர் பவுடர் கொடுத்தும் போகவில்லை. "ஏசி ரூமுல கெடக்குற பிள்ளைக்கு எப்புடி வருது சாச்சி?" என்று மகள் புலம்பினாள். பிள்ளை ஏசி அறையில் கிடக்கவில்லை. எல்லோரும் கண்ணயர்ந்ததும் நழுவிப்போய்த் தாத்தாவின் கட்டிலில் படுத்துக்கொள்வாள், அவர் கதை சொல்லுவார். எனக்கு அது தெரியும். அன்றைக்கு என்னால் வாயை அடக்க முடியவில்லை. "கொல்லையில போய்ப் பாரு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவள் போனாள், நானும் பின்னால் போனேன். அந்த இயந்திரம் அந்தச் சுவரில் இருப்பது அவளுக்குத் தெரியாததில்லை. ஆனால் அது ஓடும் நேரத்தில் அவள் எப்போதும் உள்ளேதான் இருந்திருக்கிறாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதன் முதுகுக்கு எதிரே வந்து நின்றாள். அனல் அடித்து அவள் முக்காடு பறந்தது. கண்ணை இடுக்கிக்கொண்டாள். கீழே கட்டிலில் மச்சான் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பிள்ளை அவர் முதுகோடு ஒட்டிக்கிடந்தாள். சூடு பிள்ளை மேல் படாமல் இருக்க அவர் தம் உடம்பைத்தான் குறுக்கே போட்டிருந்தார். தலையணை முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது. மகள் அதைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எத்தனை வருசமா சாச்சி?" என்றாள்.  

பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் உறுமல் நின்றது. அறைக்குள்ளிருந்து மருமகன் தூக்கக் கலக்கத்தில், "என்ன, கரண்ட் போச்சா?" என்று கேட்பது கேட்டது. "போகல. எந்திரிச்சு அந்தப் பலகையக் கழட்டுங்க" என்றாள் மகள். அவர் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும், அவள் என்ன சொன்னாளோ எனக்குக் கேட்கவில்லை. அவர் எழுந்து கொல்லைக்கு வந்து மாமனாரின் கட்டிலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.  திரும்பி உள்ளே போய்த் திருகாணியைக் கழற்ற ஆரம்பித்தார்.

இத்தனை வருடமும் அந்தச் சத்தத்திலேயே தூங்கிப் பழகிய மனுசன். சத்தம் நின்றதும் மச்சானுக்கு விழிப்பு வந்துவிட்டது. பதறி எழுந்து உட்கார்ந்தார். கண்கூடச் சரியாகத் திறக்கவில்லை, கை கட்டிலுக்கடியில் ஸ்பேனரைத் துழாவியது. "மிஷினு நின்னுபோச்சே! கம்ப்ரசர்தான் போயிருக்கும். மாப்பிள்ளைய ஒரு நிமிசம் பொறுக்கச் சொல்லுங்க, இந்தா வந்துட்டேன்" என்றார். அதற்குள் மகள் வந்துவிட்டாள். கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்பேனரைத் தேடிய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஷினுக்கு ஒண்ணும் இல்ல வாப்பா. நான்தான் அமத்துனேன். நீங்க படுங்க."